கிளாஸ்ல பாட்காஸ்ட் போட்டா பசங்க நிஜமாவே கத்துக்குவாங்களா?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கறீங்க, 40 பேர் இருக்கற கிளாஸ், 40 நிமிஷ பீரியட். ஒலி பாடத்துக்கு நல்ல பாட்காஸ்ட் எபிசோட் ஒண்ணு கிடைச்சுதுன்னு 25 நிமிஷத்தையும் ஸ்பீக்கர்ல அப்படியே ஓட விட்டீங்க. முதல் அஞ்சு நிமிஷம் குண்டூசி விழுந்தா கேக்கற அளவுக்கு அமைதி, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா கவனம் சிதறி, கடைசில கேள்வி கேட்டப்போ நாலஞ்சு பேருக்குத்தான் ஏதோ ஞாபகம் இருந்துச்சு. அதனால பாட்காஸ்ட் வச்சு பாடம் நடத்தறதுல பிரயோஜனம் இருக்கா, இல்ல எல்லாரும் சொல்றாங்கன்னு நாமளும் பண்றோமா, பேசாம வீட்ல கேட்டுட்டு வரச் சொல்லிடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க நிஜமா தெரிஞ்சுக்க நினைக்கறது இதுன்னு எனக்கு படுது: அந்த அஞ்சாவது நிமிஷத்துல என்ன நடந்துச்சு, அது உங்க குறையா, பசங்க குறையா, இல்ல காதால கேட்டு படிக்கறதோட குணமே அப்படித்தானா. என் பதில் மூணாவது. கேக்கறதோட குணம் அது, ஆனா அதை சரிக்கட்ட வழி இருக்கு, ஆடியோவ நடுவுல நிறுத்தணும். எங்க நிறுத்தறது, நிறுத்திட்டு என்ன கேக்கறதுங்கறதுதான் இதுல டீச்சரோட வேலை, பிளே பட்டன அமுக்க யாரா இருந்தாலும் போதும்.

என்னைப் பத்தி ரெண்டு வரி, எத எடுத்துக்கலாம் எத விடலாம்னு உங்களுக்கு தெரியணும் இல்லையா. பல வருஷம் ஸ்கூல்ல அறிவியல் எடுத்தேன், அப்புறம் ஆடியோ பாடங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதி ரெக்கார்ட் பண்ற வேலைக்கு போனேன், இப்போ டீச்சர்களுக்கு இதையே பயிற்சியா குடுக்கறேன். என் அனுபவம் எல்லாம் 11ல இருந்து 16 வயசு பசங்களோட, அதனால சின்னக் குழந்தைங்களுக்கு நான் சொல்றத அப்படியே பொருத்திப் பாக்காதீங்க.

சரி, அந்த அஞ்சாவது நிமிஷம். புஸ்தகம் படிக்கும்போது ஒரு வரி புரியலன்னா கண்ணு தானா பின்னாடி போயிட்டு வந்துடும், நமக்கே தெரியாம நடக்கும், நல்லா படிக்கத் தெரிஞ்ச பெரியவங்களுக்கே கண் தாவறதுல 10ல இருந்து 15 சதவீதம் பின்னோக்கித்தான் போகுதுன்னு கண் அசைவ அளந்து பாத்தவங்க சொல்றாங்க. காதுக்கு அந்த வசதி கிடையாது. சொன்னது போயிடுச்சுன்னா போனதுதான், அடுத்த வாக்கியம் வந்து நிக்குது. நம்ம மனசு ஒரே நேரத்துல பிடிச்சு வச்சுக்கற விஷயம் ரொம்ப கொஞ்சம், 2001ல நெல்சன் கோவன்ங்கற உளவியலாளர் எழுதின கட்டுரைல அது சுமார் நாலுன்னு கணக்கு போட்டார். கடைசியா கேட்ட வாக்கியத்த மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே புதுசா வர்றதையும் கவனிக்கணும், அதையும் இதையும் சேர்த்தும் பாக்கணும், இந்த மூணும் ஒண்ணா நடக்கும்போது எங்கயாவது ஒரு கண்ணி விட்டுப் போயிடுது. விட்டுப் போன பையன் அடுத்த ரெண்டு நிமிஷம் புடிக்கப் பாப்பான், முடியலன்னா விட்டுடுவான். வெளியிலேருந்து பாக்கற நமக்கு அது கவனமின்மையா தெரியுது, ஆனா அவன் பக்கத்துலேருந்து பாத்தா பஸ்ஸ விட்டுட்டு ஸ்டாப்புல நிக்கற நிலைமை. ஜான் ஸ்வெல்லர்ங்கற உளவியலாளர் 1988லேருந்து வளத்த காக்னிட்டிவ் லோடு, அதாவது மனசு மேல விழற சுமை பத்தின கோட்பாட்டுல இதுக்கு டிரான்சியன்ட் இன்ஃபர்மேஷன் எஃபெக்ட், அதாவது நிக்காம மறைஞ்சுடற தகவலோட விளைவுன்னு தனியா பேரே இருக்கு, நீளமான, சிக்கலான விஷயத்த பேச்சா மட்டும் குடுத்தா அதே விஷயத்த எழுத்தா குடுக்கறத விட கஷ்டமாயிடும், துண்டு துண்டா குடுத்தா அந்தக் கஷ்டம் பெருமளவு போயிடும்ங்கறதுதான் அதோட சாரம்.

இதோட வார்த்தைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்க. இங்கிலீஷ் பாட்காஸ்ட்ல ஒருத்தர் நிமிஷத்துக்கு சுமார் 150 வார்த்தை பேசறார். கேட்டு ஓரளவு புரிஞ்சுக்கவே 95 சதவீத வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு 2013ல வந்த வான் ஜீலண்ட், ஷ்மிட் ஆய்வு சொல்லுது. 95 சதவீதம்னா கேக்க பெருசா இருக்கு, ஆனா கணக்கு போட்டா நிமிஷத்துக்கு ஏழெட்டு தெரியாத வார்த்தை, அஞ்சு நிமிஷத்துல 35 தாண்டிடும். அவ்வளவும் தெரியாமலே முதல் அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்திருந்தாங்கன்னா உங்க பசங்க நிஜமாவே முயற்சி பண்ணியிருக்காங்கன்னுதான் அர்த்தம். அதனால எபிசோட தேர்ந்தெடுக்கும்போது தலைப்பு பொருந்துதான்னு மட்டும் பாக்காம, ஏதோ ஒரு நிமிஷத்த எடுத்து அதுல உங்க பசங்களுக்கு தெரியாத வார்த்தை எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. பத்துக்கு மேல போச்சுன்னா ஒண்ணு முன்னாடியே அந்த வார்த்தைகள சொல்லிக் குடுக்கணும், இல்ல வேற எபிசோட் பாக்கணும்.

ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னும் பாத்துடலாம், ஏன்னா ரெண்டு பக்கமும் இதுல பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு சண்டை போடறாங்க. 2010ல டேனியல், வுடின்னு ரெண்டு பேர் ஒரே விஷயத்த ஒரு குழுவுக்கு கட்டுரையாவும் இன்னொரு குழுவுக்கு பாட்காஸ்டாவும் குடுத்து ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட் வச்சாங்க, படிச்சவங்க சராசரி 81 சதவீதம், கேட்டவங்க 59. பெரிய வித்தியாசம். ஆனா 2016ல ரோகௌஸ்கி குழு பண்ண ஆய்வுல ஒரு புஸ்தகத்தோட பகுதிகள படிச்சவங்க, கேட்டவங்க, ரெண்டும் சேர்த்து பண்ணவங்க மூணு பேருக்கும் புரிதல்ல சொல்லிக்கற வித்தியாசம் இல்ல. 2009ல மெக்கின்னி குழு பண்ணதுல லெக்சருக்கு நேர்ல போனவங்கள விட அதே லெக்சர ஆடியோல கேட்டவங்க நல்ல மார்க் வாங்கினாங்க, ஆனா அதுலயும் திரும்பத் திரும்ப கேட்டு நோட்ஸ் எடுத்தவங்கதான் முன்னால நின்னாங்க. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எனக்கு தெரியறது, கதை போக்குல வர்ற விஷயத்த கேட்டாலும் படிச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல, காரணம் விளைவுன்னு அடுக்கடுக்கா வர்ற பாட விஷயத்துல ஒரே தடவை ஓட விட்டு கேக்கறது தோக்குது, நிறுத்தி, திரும்பப் போட்டு, எழுதினா அந்தத் தோல்வி போயிடுது. இந்தக் கடைசி வாக்கியம் என்னோட கணிப்பு, ஆய்வுகள் சேர்ந்து நேரடியா நிரூபிச்சதுன்னு எடுத்துக்காதீங்க. அதோட மூணுலயும் கலந்துக்கிட்டவங்க காலேஜ் மாணவங்களும் பெரியவங்களும்தான், 13 வயசுப் பையனுக்கு அந்த எண்கள அப்படியே பொருத்த முடியாது, திசைய மட்டும் எடுத்துக்கலாம்.

உங்க ஸ்டாஃப் ரூம்ல யாராவது 'சில பசங்க காதால கத்துக்கற டைப், அவங்களுக்கு பாட்காஸ்ட் நல்லது'ன்னு சொல்லுவாங்க. அத நம்பி பசங்கள பிரிக்காதீங்க. 2008ல பாஷ்லர் குழு இந்த லேர்னிங் ஸ்டைல் ஆய்வுகள எல்லாம் அலசி, மாணவனோட ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி பாடம் நடத்தினா அதிகம் கத்துக்கறான்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. ஆனா ஆடியோவால நிஜமாவே லாபம் அடையற பசங்க ஒரு கூட்டம் இருக்காங்க, அது வேற காரணம். படிச்சுப் புரிஞ்சுக்கறதுன்னா எழுத்துக்கூட்டி வாசிக்கறதும் மொழியப் புரிஞ்சுக்கறதும் சேர்ந்ததுன்னு 1986ல கஃப், டன்மர் சொன்னாங்க, ஒண்ண இன்னொண்ணால பெருக்கற மாதிரி, ரெண்டுல ஒண்ணு பூஜ்யமா இருந்தா மொத்தமும் பூஜ்யம். வாசிக்கத் திணர்ற பையனுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு, எழுத்துதான் தடையா நிக்குது, ஆடியோ அந்தத் தடைய எடுத்துடுது. பொதுவாவே ஏழாவது எட்டாவது வரைக்கும் பசங்க கேட்டுப் புரிஞ்சுக்கறது படிச்சுப் புரிஞ்சுக்கறத விட மேலன்னு 1974ல தாமஸ் ஸ்டிக்ட் குழு தொகுத்துச் சொல்லியிருக்காங்க. உங்க கிளாஸ் சரியா அந்த எல்லையில நிக்குது. வருஷம் பூரா வாயே திறக்காத பசங்க ஒரு மூணு நிமிஷ ஆடியோவுக்கு அப்புறம் கேள்வி கேக்க ஆரம்பிக்கறத நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன், இந்த வழிமேல எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனாலதான். அதுக்காக அவங்களுக்கு படிக்கற பயிற்சிய நிறுத்திடக் கூடாது, கேட்ட அதே பகுதியோட டிரான்ஸ்கிரிப்ட கையில குடுத்து படிக்க வைங்க, விஷயம் ஏற்கனவே தெரியும்ங்கறதால எழுத்தோட மட்டும் மல்லுக்கட்டினா போதும்.

நிறுத்தறதப் பத்தி சொன்னேனே, இது புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. பள்ளிகளுக்கு பிபிசி ரேடியோ பாடம் ஆரம்பிச்சது 1924ல, ஆக நூறு வருஷமா டீச்சர்கள் இதே பிரச்சினைய பாத்துட்டுத்தான் இருக்காங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 1970கள்ல நிகராகுவால ஸ்டான்ஃபோர்டு ஆளுங்களோட சேர்ந்து நடந்த ரேடியோ கணக்குப் பாடம். தொடக்கப் பள்ளிப் பசங்களுக்கு ரேடியோல கணக்கு. ஸ்கிரிப்ட்லயே கேள்வி இருக்கும், கேள்விக்கு அப்புறம் சில செகண்ட் அமைதியும் எழுதி வச்சிருப்பாங்க, அந்த அமைதில கிளாஸ் மொத்தமும் சத்தமா பதில் சொல்லும் இல்ல நோட்ல எழுதும், அப்புறம் ரேடியோல விடை வரும், பசங்க சொன்னது சரியான்னு அங்கயே தெரிஞ்சுடும். ரேடியோ இல்லாத வகுப்புகள விட இந்த வகுப்புப் பசங்க டெஸ்ட்ல நல்லாவே பண்ணாங்க, அதுக்கப்புறம் பல நாடுகள் இந்த முறைய எடுத்துக்கிட்டாங்க. இப்ப வர்ற பாட்காஸ்ட்ல அந்த அமைதி கிடையாது. அது தனியா வண்டி ஓட்டிட்டோ நடந்துட்டோ கேக்கற பெரியவங்களுக்காக பண்ணது, நடுவுல ஒரு செகண்ட் சத்தம் இல்லன்னா கேக்கறவர் போயிடுவார்ங்கற பயத்துல இடைவெளிய எல்லாம் வெட்டித் தள்ளியிருப்பாங்க. வெட்டினத நீங்க கிளாஸ்ல திரும்ப ஒட்டணும்.

உங்க பாடம் ஒலிங்கறதால அதுலயே எப்படின்னு காட்டறேன். 1883 ஆகஸ்ட் 27ல இந்தோனேசியால கிரகடோவா எரிமலை வெடிச்ச கதை ஒலியப் பத்தின பல ஆடியோவுல வரும், இல்லன்னா நீங்களே போன்ல ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணிக்கலாம். இந்தியப் பெருங்கடல்ல ரோட்ரிக்ஸ்னு ஒரு தீவு, எரிமலைக்கும் அதுக்கும் நடுவுல சுமார் 4,800 கிலோமீட்டர் கடல். அங்க இருந்த போலீஸ் அதிகாரி கிழக்குப் பக்கம் தூரத்துல பீரங்கி வெடிக்கற மாதிரி சத்தம் கேட்டதுன்னு பதிவு பண்ணியிருக்கார். இந்த இடத்துல நிறுத்துங்க, சரியா இந்த இடத்துல, ஏன்னா ஆடியோ அடுத்த வாக்கியத்துல 'நாலு மணி நேரம் கழிச்சு'ன்னு விடைய சொல்லிடும். நிறுத்திட்டு போர்டுல ரெண்டே எண்ண எழுதுங்க, 4,800 கிலோமீட்டர், காத்துல ஒலியோட வேகம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர். வெடிச்சதுக்கு எவ்வளவு நேரம் கழிச்சு அவருக்கு கேட்டிருக்கும்னு கேளுங்க. முதல்ல கணக்கு போட விடாதீங்க, ஊகிக்கச் சொல்லுங்க. உடனேம்பான் ஒருத்தன், ரெண்டு நிமிஷம்பா ஒருத்தி, அவங்க சொல்ற எல்லாத்தையும் போர்டுல ஒரு ஓரமா எழுதி வைங்க. அப்புறம் கணக்கு. 48 லட்சம் மீட்டர 340ஆல வகுத்தா 14,000 செகண்டுக்கு கொஞ்சம் மேல, நாலு மணி நேரத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கம்மி. இப்ப மறுபடி ஆடியோவ போடுங்க. அந்த 'நாலு மணி நேரம்'ங்கற வார்த்தை வரும்போது கிளாஸ்ல எழும்பற சத்தத்த நீங்களே கேப்பீங்க. அதே தகவல நிறுத்தாம ஓட விட்டிருந்தா அது இன்னொரு எண்ணா காதுல விழுந்து போயிருக்கும். ஆடியோ மொத்தம் மூணு நிமிஷம், ஆனா அதைச் சுத்தி பதினஞ்சு நிமிஷ பாடம் நடந்திருக்கும், ஒலிக்கு வேகம் உண்டு, அதுக்குப் பயணம் பண்ண நேரம் ஆகும்ங்கறது அதுக்கப்புறம் மனப்பாடம் பண்ண வேண்டிய வரியா இருக்காது.

எங்க நிறுத்தறதுன்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு டீச்சர்கள் கேப்பாங்க. நான் சொல்றது, விடை வர்றதுக்கு ஒரு மூச்சு முன்னாடி நிறுத்துங்க, சொல்லி முடிச்ச அப்புறம் நிறுத்தி 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவது இடம், புதுசா ஒரு வார்த்தைய அறிமுகப்படுத்தின உடனே, அடுத்த வாக்கியம் அந்த வார்த்தைய வச்சு ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள. மொத்தத்துல ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல ஒரே மூச்சா ஓட விடாதீங்க. இந்த ரெண்டு மூணு நிமிஷம்ங்கறது எந்த ஆய்வும் சொன்ன எண் இல்ல, என் வயசுப் பிரிவுப் பசங்களோட இருந்து எனக்குப் பிடிபட்டது, உங்க கிளாஸ்ல நாலு நிமிஷம் தாங்குச்சுன்னா நல்லது. போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி குடுங்க, பத்து கேள்வி அச்சடிச்ச ஒர்க்ஷீட்ட கையில குடுத்தீங்கன்னா பசங்க விடைக்கான வார்த்தைய வேட்டையாடுவாங்களே தவிர கேக்க மாட்டாங்க. முதல் தடவை பேனாவ கீழ வைக்கச் சொல்லுங்க, ரெண்டாவது தடவை அதே மூணு நிமிஷத்த போடும்போது எழுதட்டும், ஏன்னா எழுதிக்கிட்டே கேக்கறது பெரியவங்களுக்கே ரெண்டு வேலை. முடிஞ்ச அப்புறம் நோட்ட மூடிட்டு ஞாபகத்துலேருந்து எழுதச் சொல்லுங்க. திரும்பப் படிக்கறத விட ஞாபகத்துலேருந்து வெளிய எடுக்கறதுதான் சில நாள் கழிச்சும் நிக்குதுன்னு 2006ல ரோடிகரும் கார்பிக்கியும் காட்டினாங்க, இந்தத் துறைல பல பேர் திரும்பத் திரும்ப செஞ்சு பாத்து உறுதியான சில விஷயங்கள்ல இது ஒண்ணு, இத நான் தயங்காம சொல்லுவேன்.

சாதனங்கள் பத்தி கொஞ்சம். கடைசி பெஞ்சுல போய் உக்காந்து ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க, காலியான வெறும் சுவர் ரூம்ல எதிரொலி மெய்யெழுத்துகள முழுங்கிடும், அப்ப சவுண்ட கூட்டினா எதிரொலியும் சேர்ந்து கூடும், ஸ்பீக்கர பசங்களுக்குப் பக்கத்துல கொண்டு வந்து வச்சு சவுண்ட கம்மி பண்ணுங்க. கிளாஸ்ல நெட்ட நம்பாதீங்க, முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கங்க. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 போதும், நிமிஷத்துக்கு அரை எம்பிதான் ஆகும். டிரான்ஸ்கிரிப்ட் இல்லாத ஆடியோவ நான் கிளாஸ்ல பயன்படுத்தறதில்ல. காது சரியா கேக்காத ஒரு குழந்தை இருந்தாலும் அது தவிர்க்கவே முடியாத தேவை, வெப்சைட்டுகள மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியணும்ங்கறதுக்கான டபிள்யூசிஏஜி விதிகள்லயே ஒலி மட்டும் உள்ள பதிவுக்கு எழுத்து வடிவம் வேணும்ங்கறது முதல் படியில இருக்கு. இப்பல்லாம் மெஷினே எழுதிக் குடுத்துடும், ஆனா பேரு, எண், அறிவியல் சொல் இந்த மூணையும் நீங்க ஒரு தடவை கண்ணால பாத்துடணும், தப்பு வர்றது பெரும்பாலும் அங்கதான்.

வீட்ல கேட்டுட்டு வரச் சொல்றதப் பத்தி கேட்டீங்க. புதுப் பாடத்துக்கு வேண்டாம்னு சொல்லுவேன். எல்லார் வீட்லயும் தனி போனும் அமைதியும் இருக்காது, இருந்தாலும் கூட நிறுத்திக் கேள்வி கேக்க ஆள் இல்ல. ஏற்கனவே நடத்தின பாடத்த திரும்பிப் பாக்க குடுங்க, அதுக்கு ஆடியோ அருமையா பொருந்தும், தெரிஞ்ச விஷயம்ங்கறதால நடுவுல கொஞ்சம் விட்டுப் போனாலும் புடிச்சுக்கலாம். பசங்க ஒன்றரை மடங்கு வேகத்துல கேக்கறாங்கன்னு கவலைப்படறவங்க இருக்காங்க, 2021ல டில்லன் மர்ஃபி குழு வீடியோ லெக்சர வச்சு பண்ண ஆய்வுல ரெண்டு மடங்கு வரைக்கும் பெரிய நஷ்டம் இல்லன்னு வந்துச்சு, ஆனா அதுவும் யுனிவர்சிட்டி மாணவங்க, திரையும் இருந்துச்சு. ரிவிஷனுக்கு வேகமா கேட்டா நான் தடுக்க மாட்டேன், முதல் தடவை கேக்கறப்போ சாதாரண வேகம்தான்.

இதுவரைக்கும் கேக்கறதப் பத்தியே பேசிட்டேன், ஆனா நீங்க கேக்காத ஒண்ண சொல்லாம விட மனசு வரல. பசங்களே பண்ற பாட்காஸ்ட். கேக்கறத விட பண்றதுலதான் அதிகம் கத்துக்கறாங்கன்னு நான் நம்பறேன். 2004ல டியூக் யுனிவர்சிட்டி புதுசா சேர்ந்த 1,600க்கும் மேல மாணவங்களுக்கு ஐபாட், அதாவது பாட்டு கேக்கற ஆப்பிளோட சின்னக் கருவி குடுத்துச்சு, படிப்புக்கு அவங்க அதிகம் பயன்படுத்தினது அதுல இருந்த ரெக்கார்ட் பண்ற வசதியத்தான். பள்ளில இது எப்படி போகும்னா, என் கிளாஸ்ல ஒரு குழு ஒளிச்சேர்க்கைக்கு மூணு நிமிஷம் பண்ணாங்க. முதல் ஸ்கிரிப்ட் 'பசுந்தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியுடன் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்வு ஒளிச்சேர்க்கை எனப்படும்'னு புஸ்தகத்துலேருந்து அப்படியே வந்துச்சு. சத்தமா படிக்கச் சொன்னேன், பாதில மூச்சு வாங்குச்சு. காதுக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொன்னப்போ ஒரு பொண்ணு கேட்டா, 'மிஸ், மரம் இவ்வளவு எடை கூடுதே, அந்த எடை எங்கேருந்து வருது?' மண்ணுலேருந்துன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்ப மரத்தைச் சுத்தி குழி விழுந்திருக்கணுமேன்னா அவ. அங்கேருந்து வான் ஹெல்மான்ட்ங்கற பழைய காலத்து விஞ்ஞானி கிட்ட போனோம், 1648ல வெளியான புஸ்தகத்துல அவர் எழுதியிருக்கார், சுமார் 2 கிலோ எடையுள்ள வில்லோங்கற மரத்தோட கன்ன தொட்டில வச்சு 5 வருஷம் வெறும் தண்ணி ஊத்தினார், மரம் 76 கிலோ தாண்டிடுச்சு, ஆனா 90 கிலோ மண்ணுல 57 கிராம் மாதிரிதான் குறைஞ்சிருந்துச்சு. அதனால எடை எல்லாம் தண்ணிலேருந்து வந்ததுன்னு முடிவு பண்ணிட்டார். அது பாதிதான் சரி, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடும் சேருதுன்னு 1804ல தெ சொசூர்ங்கற விஞ்ஞானி அளந்து காட்டினார். பசங்க ஸ்கிரிப்ட இப்படித்தான் முடிச்சாங்க: ஒருத்தி ஹெல்மான்டா பேசுவா, இன்னொருத்தன் அவர்கிட்ட 'காத்த நிறுத்துப் பாத்தீங்களா'ன்னு கேப்பான். அந்த ஒரு கேள்விய எழுத அவங்களுக்கு பாடம் முழுசா புரிஞ்சிருக்கணும்.

அதனால மார்க் போடறதா இருந்தா ஸ்கிரிப்டுக்கு போடுங்க, குரலுக்கும் எடிட்டிங்குக்கும் போடாதீங்க. குரலுக்கு மார்க் இருக்குன்னு தெரிஞ்சா கூச்சப்படற பசங்க ஒதுங்கிடுவாங்க, நல்லா பேசற ரெண்டு பேரே எல்லாத்தையும் பண்ணிடுவாங்க. மூணு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, வெட்ட வேண்டி வரும்போதுதான் எது முக்கியம்னு யோசிப்பாங்க. மைக் தனியா வேண்டாம், போன வாய்க்கு ஒரு சாண் தள்ளி கொஞ்சம் பக்கவாட்டா பிடிச்சா 'ப' சொல்லும்போது காத்து அடிக்காது, திரைச்சீலை, புஸ்தக அலமாரி இருக்கற ரூம்ல பண்ணா எதிரொலி வராது, ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம், அதுலயே வெட்டி ஒட்டிக்கலாம். பேக்கிரவுண்ட் மியூசிக்னு சினிமாப் பாட்ட போட ஆசைப்படுவாங்க, காப்பிரைட் பிரச்சினை, விடாதீங்க. குழந்தைங்க குரலயும் பேரையும் பெத்தவங்க எழுத்துல சம்மதம் குடுக்காம எங்கயும் பப்ளிக்கா போடாதீங்க. பக்கத்து செக்ஷன் கேட்டா போதும், அதுவே அவங்களுக்கு பெரிய விஷயம்.

இன்னொண்ணு, 2024 செப்டம்பர்ல கூகுளோட நோட்புக்எல்எம்ங்கற ஏஐ கருவில ஒரு டாக்குமென்ட குடுத்தா ரெண்டு பேர் பேசற மாதிரி ஆடியோ தானா வர்ற வசதி வந்துச்சு, இப்போ நிறைய டீச்சர்கள் பாடத்த அதுல போட்டு கிளாஸ்ல ஓட விடறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், சரளமா பேசறதாலயே தப்பு காதுல தட்டாது. முழுசா ஒரு தடவை பாடப் புஸ்தகத்தோட ஒப்பிட்டுக் கேக்காம போடாதீங்க. நேரம் இருந்தா அந்த வேலையவே பசங்ககிட்ட குடுக்கலாம், பாடம் நடத்தி முடிச்ச அப்புறம் அந்த ஆடியோவ போட்டு எங்க தப்பா சொல்லுது, எங்க அரைகுறையா சொல்லுதுன்னு பிடிக்கச் சொல்லுங்க.

எனக்கே சந்தேகமா இருக்கறது ஆர்வம் பத்தினது. முதல் சில தடவை எல்லா கிளாஸும் ஆர்வமா இருக்கும், அதுல எவ்வளவு பாட்காஸ்டால வந்தது, எவ்வளவு புதுசா ஏதோ நடக்குதேங்கறதால வந்ததுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். அதனால வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல நான் பரிந்துரைக்கறதில்ல, படம் பாத்தா புரியற விஷயத்துக்கு ஆடியோவ தேடிப் போகவும் வேண்டாம், இதயத்தோட அறைகளையோ மின்சுற்றையோ வாயால சொல்லிப் புரிய வைக்கறது பசங்களுக்கு தேவையில்லாத சுமை.

உங்க கையில இருக்கற அந்த 25 நிமிஷ எபிசோட தூக்கிப் போட வேண்டாம். அதுல மூணு நிமிஷம் மட்டும் எடுங்க, கதையா ஏதாவது நடக்கற இடமா இருக்கட்டும், விடை வர்றதுக்கு முன்னாடி நிறுத்தற ஒரு இடத்த குறிச்சுக்கங்க, ஒரு கேள்வி தயார் பண்ணுங்க, ரெண்டு தடவை போடுங்க. ரெண்டு நாள் கழிச்சு எதுவும் சொல்லாம அதே கேள்விய ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிப் பாருங்க, போன தடவை நாலஞ்சு பேர்னு சொன்னீங்க, இந்த தடவை எத்தனை பேர்னு எண்ணி இங்க போடுங்க. எந்த இடத்துல நிறுத்தினீங்கன்னும் சேர்த்து எழுதினா மேற்கொண்டு பேசலாம்.